பகலில் பார்க்காத சோபா

"நம்ம வீட்டு சோபாவை வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் அத்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "எந்த சோபாவை?"

"நம்ம வீட்ல எத்தனை சோபா இருக்கு?"

நாங்கள் எல்லோரும் திரும்பி அதைப் பார்த்தோம். யாரோ வீடு காலி செய்தபோது வேண்டாம் என்று விட்டுப்போனதை அத்தான் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேர் உட்காரலாம், நடுவில் உட்காருபவருக்கு முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும் என்பதைப் பொருட்படுத்தாவிட்டால். ரெக்ஸின் உரிந்து உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர் சட்டையில் பொடுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதை மறைக்க ஒரு போர்வை. போர்வை நழுவாமல் இருக்க நான்கு பக்கமும் ஊக்கு.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றாள் அக்கா.

அத்தான் சரக்கு வேன் ஓட்டுகிறவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்கு மெத்தை இறக்கப் போயிருக்கிறார். விடுதியை நடத்தும் அம்மா அவரிடம் புலம்பியிருக்கிறார். அறைக்கு அறை பழைய சோபா, பழைய நாற்காலி. மரம் எல்லாம் கல் மாதிரி இருக்கிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. புதிதாக வாங்க வக்கில்லை. இருப்பதை வைத்தே வசதியான இடம் மாதிரிக் காட்டத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

"நான் என்ன பண்றது, வாய் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரி செய்வான்னேன். எங்க வீட்டு சோபாவையே பழசுன்னு யாரும் சொல்ல முடியாதுன்னேன்."

"ஆமா, சோபான்னே யாரும் சொல்ல முடியாது" என்றேன் நான்.

"நீ தூங்கலையாடா?"

"இந்த வீட்ல நீங்க பேசுறப்ப யாரால தூங்க முடியும்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. விளையாட்டாகத்தான் சொன்னேன். அத்தான் சட்டென்று முகம் சுருங்கி, குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அது அந்த வீட்டின் பழக்கம்.

நான் பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்டில் இருந்தவன். ஊர் தூங்கும்போது பெட்டிகளை இடம்வாரியாகப் பிரித்து எறிகிற வேலை. ஒரு விடியற்காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை. போதும் என்று இருந்தது, அவ்வளவுதான். வேலையை விட்ட பிறகும் உடம்பு ஷிப்டை விடவில்லை. ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வெளியே பால்காரன் சத்தம் கேட்டால் கண் சொருகும். ஹாலின் ஓரத்தில் என் மடக்குக் கட்டில். ஹாலில் இருந்த ஒரே ஜன்னலுக்கு அக்கா இரட்டைத் துணியில் கனமான திரை தைத்து, ஓரங்களைச் சட்டத்தோடு சேர்த்துச் சின்ன ஆணிகளால் அறைந்திருந்தாள். நான் ஷிப்டுக்குப் போன காலத்தில் அடித்தது. ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வராது. பகல் முழுக்க அவர்கள் ட்யூப்லைட்டைத் தங்கள் பக்கம் மட்டும் போட்டுக்கொண்டு, அதன் கீழே குடித்தனம் நடத்தினார்கள்.

எப்போது வேறு வேலைக்குப் போவாய் என்று அந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டாவது கிளம்பியிருப்பேன்.

அக்கா ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுப்பாள். காலர் மட்டும். கட்டுக் கட்டாக வரும், கட்டுக் கட்டாகப் போகும். முழுச் சட்டையை அவள் பார்த்ததே கிடையாது. சோபா உறை, நாற்காலி உறை, திரை, இதெல்லாம் தைக்க அவளுக்கு ஆசை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத் திருப்பி அடியில் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று அத்தான் நெளிவார். விடுதி வேலை கிடைத்தால் காலரை விட்டுவிடலாம். அவள் அதைச் சொல்லவில்லை. மெஷினில் பாதி தைத்த காலரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, சோபாவின் போர்வையை உருவினாள். அதிலேயே தெரிந்தது.

"எப்ப வராங்க?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை விட்டு அதுக்கடுத்தது."

"சாம்பிள் துணி காட்டினா போதாதாமா?"

"அதெல்லாம் எல்லாரும் காட்டுறாங்களாம். செய்றவங்க வீட்ல என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னுட்டாங்க."

அக்கா சோபாவைக் குப்புறக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சீப்பு, காய்ந்த எலுமிச்சை, வாண்டுவின் பல் துலக்கும் பிரஷ் எல்லாம் விழுந்தன. வாண்டு என்பது அக்காவின் பெண். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"மரம் நல்லா இருக்கு" என்றாள் அக்கா. டாக்டர் சொல்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் முதல் வேலை ஆரம்பித்தது. நான் மதியம் எழுந்ததும் என் கையில் ஒரு குறடு கொடுத்தாள். பழைய ரெக்ஸினைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். யோசிக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பொருத்தமாக இருந்தது. அத்தான் குழி விழுந்த இடத்தில் பழைய நாடாக்களை அறுத்துவிட்டுப் புதிதாக இழுத்துக் கட்டினார். மேலே கெட்டியான ஃபோம், அதற்கு மேல் ஒரு சுற்றுப் பஞ்சு.

அக்காவிடம் சில தீர்மானங்கள் இருந்தன. எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. சோபாவுக்குக் கால் உயரமாக இருக்க வேண்டும், அடியில் தரை தெரிய வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடந்தால் எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கும். உடைந்த சாப்பாட்டு மேசை ஒன்றின் கால்களை அறுத்துப் பொருத்தினோம். கால் முனைகளுக்குக் குழாய்க் கடையில் பித்தளை வளையம் வாங்கி மாட்டினோம். பளபளவென்று தேய்த்தபோது, தண்ணீர்க் குழாய்க்கு மாட்டுகிற சாமான் என்று அதைப் பெற்றவனாலும் சொல்ல முடியாது.

"குஷன் உறை ஒரு சுத்து சின்னதா தைக்கணும். உள்ள இருக்கறது திணறணும். அப்பத்தான் கொழுகொழுன்னு தெரியும்."

"என் சட்டை மாதிரியா?" என்றார் அத்தான்.

"உங்க சட்டை சரியான அளவுதான். உள்ள இருக்கறதுதான் அளவு தப்பு."

டீப்பாயை உப்புத்தாளால் தேய்த்து, கருப்புப் பூச்சுப் பூசி, மேலே மெழுகு தடவினோம். அலமாரியின் பிளாஸ்டிக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, தோல் வார் துண்டுகளை மடித்து ஆணி அடித்தோம். அது அத்தானின் பழைய பெல்ட். "இனிமே அலமாரியைத் திறக்கறப்பல்லாம் என் இடுப்பு ஞாபகம் வரும்" என்றார். அலமாரியைத் திறக்கிற ஆசையே போய்விட்டது என்றாள் அக்கா.

துணிதான் பெரிய கேள்வி. வெல்வெட் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். முழுத் துணி வாங்க வழியில்லை. ஒரு ஜவுளிக் கடையின் அடித்தளத்தில், வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அத்தானும் அக்காவும் ஒரு சாயங்காலம் போய், அடர்ந்த பச்சையில் இரண்டு கட்டு எடுத்து வந்தார்கள். அவ்வளவு நல்ல துணியை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை. வாண்டு கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தைக்கும்போது ஒரு முறை அத்தான் கேட்டார். "இந்தத் துண்டு கொஞ்சம் வேற மாதிரி இல்ல?"

அக்கா அதைக் கையால் தடவிக் காட்டினாள். "வெல்வெட்டு அப்படித்தான். இந்தப் பக்கம் தடவினா கருக்கும், அந்தப் பக்கம் தடவினா வெளுக்கும். எல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சுத் தச்சா சரியாயிடும்."

அவள் சொன்னது உண்மைதான். அதனால் நாங்கள் மேற்கொண்டு பார்க்கவில்லை. ட்யூப்லைட்டின் கீழே தைத்தாள். மூலையில் புதிதாக வைத்த மஞ்சள் விளக்கின் கீழே நான் இழுத்துப் பிடிக்க, அவள் ஸ்டேப்ளரால் அடித்தாள். முடிந்தபோது மூவரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். யாரோ பெரிய மனிதர் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அத்தான் அதில் உட்காரவே பயந்தார்.

அப்போதுதான் நாற்காலிகள் முறை வந்தது. சாப்பாட்டு நாற்காலிகளை நான் தலைகீழாகத் திருப்பினேன். ஒவ்வொரு காலிலும் ஒரு காலுறை. சின்னப் பிள்ளைகள் போடுகிற காலுறை, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியது. முயல் படம் போட்டது, கோடு போட்டது, ஒற்றையாக மிஞ்சியது.

"இது என்ன?" என்றேன்.

வாண்டு என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்று இருந்தது. "நாற்காலி நடந்தா சத்தம் வரும்ல மாமா. நீங்க தூங்குவீங்கல்ல."

அக்கா நாற்காலி முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நான் வருஷக்கணக்காக இருக்கிறேன். நாற்காலி இழுக்கிற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத சத்தத்தை யார் கவனிப்பார்கள்? வாண்டு பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுவாள். கையில் குச்சி, முகத்தில் கடுமை. "எல்லாரும் சத்தமா சொல்லுங்க" என்று கிசுகிசுவென்று அதட்டுவாள். பிள்ளையின் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினேன். அன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் செய்யத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா திரையைத் துவைக்க எடுத்தாள். அவ்வளவு அழகான சோபாவுக்குப் பின்னால் அழுக்குத் திரை தொங்கினால் நன்றாகவா இருக்கும் என்றாள். நான் தூங்காமல்தான் கிடந்தேன். "ஒரு நாள் வெளிச்சத்தைப் பொறுத்துக்கடா" என்று சொல்லிவிட்டு ஆணிகளைப் பிடுங்கினாள். திரை மொத்தமாகக் கீழே விழுந்தது.

வெயில் உள்ளே வந்து நேராக சோபாவின் மேல் உட்கார்ந்தது.

சோபாவில் பாதி பச்சை. மீதி நீலம். மயில் கழுத்து நீலம், சந்தேகமே இல்லாத நீலம். ஒரு குஷன் பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்ததில் ஓரம் மட்டும் பச்சை. இடது கை நீலம். வலது கையில் மேலே பச்சை, கீழே நீலம். இரண்டு கட்டுத் துணியும் இரண்டு நிறம். கடையின் அடித்தளத்து விளக்கிலும் எங்கள் வீட்டு விளக்கிலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பகலில் ஒரு தடவைகூட நாங்கள் அதைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பகலே இல்லை.

"கட்சிக் கொடி மாதிரி இருக்கு" என்றார் அத்தான் கடைசியில்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கையை நீட்டி நீலத்தைத் தடவினாள், பிறகு பச்சையை. தடவினால் மாறிவிடுமோ என்று இன்னும் ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும்.

"திரும்பத் திரையை மாட்டிடலாம்" என்றார் அத்தான். "மஞ்ச விளக்கைப் போட்டுடுவோம். டீயைக் கொடுத்து, நாலு வார்த்தை பேசி அனுப்பிட்டா முடிஞ்சுது. அந்த வெளிச்சத்துல ராஜா வீட்டு சோபா மாதிரி இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. அதுதான் வம்பே. திரையை மாட்ட அரை மணி நேரம் போதும். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் மாட்டியிருப்பேன்.

"அவங்க விடுதியில ரூமுக்கு ரூம் ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாம? ரோட்டைப் பாத்து இவ்வளவு பெரிசு."

"அப்ப அங்க போய் இதே மாதிரி தப்பு பண்ணினா?"

அத்தான் திரையைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"பிரிச்சிடலாம்" என்றாள் அக்கா. "பச்சை எல்லாம் உட்கார்ற இடத்துக்கும் கைக்கும். நீலம் எல்லாம் சாயற இடத்துக்கு. வேணும்னே ரெண்டு கலர்ல தச்ச மாதிரி. நடுவுல பெட்டியில கிடக்கற சந்தனக் கலர் துணியில கயிறு மாதிரி ஓரம் ஓட்டுவோம்." என்னைப் பார்த்தாள். "உனக்குத் தூக்கம் வருதாடா?"

கேட்டதில் கிண்டல் இல்லை. அந்த நிலையிலும் அவள் அதை உண்மையாகத்தான் கேட்டாள். அந்தத் திரை எனக்காக மாட்டியது. அந்தத் திரையால்தான் அவள் நிறம் தெரியாமல் தைத்தாள். அதை அவளோ அத்தானோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் அடக்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நான் குறடும் கையுமாக சோபாவின் அடியில் படுத்தேன்.

நாங்களே இறுக்கி அடித்த பின்கள். பழசைவிடப் பிடுங்கக் கஷ்டம். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா, மாமா அழுறாரு" என்றாள் வாண்டு, வழக்கம்போலக் கிசுகிசுத்து.

"வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றேன். வெளிச்சம்தான். "நீ ஏன் ரகசியம் பேசுற? சத்தமா சொல்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "மாமா அழுறாரு!" அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு குரல் இருப்பதை நான் அன்றுதான் கேட்டேன். அத்தான் கையிலிருந்த சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டார்.

பகல் முழுக்க வேலை. வெளிச்சத்தில் அக்காவைப் பார்த்தேன். ஊசியில் நூல் கோர்க்கக் கையை ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரே தடவையில் கோர்த்துவிட்டு, தானே ஆச்சரியப்பட்டாள். மெஷினை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தினோம். அதற்கு அடியில் மடித்துப் போட்ட மெத்தைத் துண்டு ஒன்று இருந்தது. அது எதற்கென்று இந்த முறை நான் கேட்கவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும், கண்ணாடி அழுத்தி அழுத்தி அக்காவுக்குத் தழும்பு விழுந்திருந்தது. கண்ணாடி எப்போதிலிருந்து போடுகிறாள் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

முதுகுப் பக்கத்துக்கு வந்தபோது துணி தீர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்து இருக்கிற பக்கம். மிஞ்சிய பச்சையையும் நீலத்தையும் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு எப்படியோ மூடினோம்.

"பரவால்ல, சுவத்தோட தள்ளிப் போட்டா யார் பாக்கப் போறா?" என்றார் அத்தான்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயார். டீப்பாய் மின்னியது. அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "ரெண்டு கலர் வைக்கறதுதான் இப்ப நாகரிகம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அக்கா மூடியிருந்த வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன நேரம் வந்தது. போனது. வெயில் சோபாவின் மேலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

"வர மாட்டாங்க" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். எழுந்து போய் மெஷின் பக்கத்தில் கிடந்த காலர் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். தெருவை அந்தக் கோணத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எங்கள் வாசலிலிருந்து ஒரு அம்மா இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கையில் குடை, நடையில் கோபம்.

"அத்தான், அந்த அம்மா குண்டா இருப்பாங்களா?"

"ஏண்டா?"

"பச்சைக் குடை?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் படியில் இறங்கிவிட்டேன். வெறுங்கால். தெருமுனையில்தான் பிடிக்க முடிந்தது. பகலில் ஓடிப் பழக்கமில்லை, மூச்சு வாங்கியது.

"எங்க வீட்டுக்குத்தானே வந்தீங்க? சோபா பாக்க?"

"எத்தனை தடவைப்பா பெல் அடிக்கிறது? மனுஷங்க உள்ள இருக்கீங்களா இல்லையா? வெயில்ல நிக்க வச்சு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு பெல்லுக்கு ஒயர் கிடையாது. அத்தான் எப்போதோ கழற்றிவிட்டார். தெரிந்தவர்கள் விரல் நுனியால் கதவைத் தட்டுவார்கள். அது எங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது; வெளியிலிருந்து ஒருவர் வந்து பெல்லை அழுத்துவார் என்று நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பெல் அடிக்காதுங்க."

"ரிப்பேரா?"

"இல்ல. நான் பகல்ல தூங்குவேன்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வெறுங்காலில் பார்வை நின்றது. "இப்ப முழிச்சிட்டியா?"

"நேத்துலேருந்து முழிச்சிருக்கேன்."

என்ன நினைத்தாரோ, குடையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

உள்ளே வந்ததும் சோபாவைச் சுற்றி ஒரு பார்வை. கால் முனையைக் குடையால் தட்டிப் பார்த்தார். குஷனை அமுக்கினார். பிறகு பொத்தென்று நடுவில் உட்கார்ந்தார். அத்தான் கட்டிய நாடா தாங்கியது. அத்தான் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

"ரெண்டு கலர் எதுக்கு?"

"அதாவதுங்க, இப்ப நாகரிகம் என்னன்னா..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஒரே கலர்னு நெனச்சு வாங்கிட்டோங்க" என்றாள் அக்கா. "ஜன்னல் மூடியிருந்துச்சு. நேத்துத் திறந்தப்பத்தான் தெரிஞ்சுது. பிரிச்சு மாத்தித் தச்சோம்."

"நேத்தா?"

"ஆமாங்க."

"பூரா பிரிச்சா?"

"பூரா."

அவர் எழுந்தார். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. அதில் எட்டிப் பார்த்தவர் கண்ணில் முதுகுப் பக்கம் பட்டுவிட்டது. பச்சை நீலம் பச்சை நீலம் என்று ஒட்டு. குடை நுனியால் ஒட்டுகளை எண்ணினார். நான் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"ஏம்மா, இதைச் சுவத்தோட ஒட்டித் தள்ளியிருந்தா நான் பாத்தே இருக்க மாட்டேனே?"

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் அத்தான்.

"சுவத்தோட ஒட்டிப் போட்டா மட்டமா தெரியும்ங்க" என்றாள் அக்கா. "இடைவெளி விட்டுப் போட்டாத்தான் எடுப்பா இருக்கும். பெரிய வீட்ல எல்லாம் அப்படித்தான்."

விடுதிக்காரம்மா அக்காவையே பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குடை கையிலிருந்து விழுந்தது. வாண்டுவும் எதற்கென்று தெரியாமல் முழுக் குரலில் சேர்ந்து சிரித்தாள். "அழகா இருக்கணும்னு அசிங்கத்தைக் காட்டிட்டு நிக்கிறியே, உன்னை என்ன பண்றது?" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மறுபடி உட்கார்ந்து, டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அலமாரிக் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது எதில் செய்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போகும்போது சொன்னார். "மொத்தமும் தர மாட்டேன். ஒரு ரூம் செய். நல்லா வந்தா மத்தது. துணியை அங்க வந்து, ரூமுக்குள்ள வச்சுப் பாத்து எடுக்கணும். பகல்ல."

"பகல்லதாங்க" என்றாள் அக்கா.

அவர் படி இறங்கியதும் அத்தான் அக்காவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். வயிறு இடித்தது, பாதியில் விட்டுவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினாள். முகம் வேறு மாதிரி இருந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்காதவள், கேட்கலாமா என்று யோசிக்கிறாள் என்று புரிந்தது.

"நாளைக்குக் காலையில அங்க போகணும். பின்னு பிடுங்க, இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேணும். உன்னால முடியுமா? தூக்கம் கெடும். முடியலைன்னா பரவால்ல, நான்..."

"வரேன்" என்றேன்.

"கூலி இப்ப ஒண்ணும் தர முடியாது."

"நான் கேட்டேனா?"

நன்றி என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. கிடங்கில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும், பதிவு செய்த குரலில். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தை செத்துவிட்டது. அதனால் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அது ஒன்றுதான் வித்தியாசம். அவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காது வலித்தது. எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை, ஊரில் எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில் நானும் போனேன். தெருவில் அவ்வளவு பேர் இருப்பார்கள் என்பது மறந்தே போயிருந்தது. விடுதி அறையில் ஒரு பெரிய ஜன்னல், அதன் கீழே தளர்ந்துபோன ஒரு சோபா. அக்கா அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். "மரம் எப்படி?" என்றேன். "நம்மளதைவிட நல்லா இருக்கு" என்றாள் பொறாமையோடு. பிறகு பையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்தாள். இரண்டும் காப்பிப்பொடி நிறம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவற்றை உற்றுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"என் கண்ணை நான் நம்ப மாட்டேன்பா. நீ சொல்லு. ரெண்டும் ஒண்ணா?"

வாங்கி ஜன்னலுக்குப் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, மடித்து, திருப்பி, நன்றாக வெயிலில் காட்டிப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"ஒண்ணு லேசா சிவப்பு அடிக்குது" என்றேன்.

"எது?"

"இடது கையில இருக்கறது."

"அப்ப அதைத் தூக்கிப் போடு" என்றாள் அக்கா, ஸ்டேப்ளரில் பின் நிரப்பிக்கொண்டே.